பேச்சு முதல் குறுஞ்செய்தி வரை: தகவல் தொடர்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செய்தியை அனுப்புவது சுலபம். அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது சரியாகப் புரிந்ததா என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். கீழே உள்ள கேள்விகளில் சில வரலாறு பற்றியவை, சில அன்றாடச் சிக்கல்கள் பற்றியவை. இரண்டையும் வேண்டுமென்றேதான் கலந்து வைத்திருக்கிறோம். இன்று வீடியோ காலில் படும் அவதியைக் கடலடித் தந்திக்காரர்கள் 1858-லேயே பட்டிருக்கிறார்கள்.

தேனீயும் குரங்கும்கூடத் தகவல் சொல்கின்றனவே. மனிதப் பேச்சில் அப்படி என்ன தனி?

பூக்களைக் கண்டு கூட்டுக்குத் திரும்பும் தேனீ, அடையின் மேல் உடலை ஆட்டியபடி ஒரு நேர்கோட்டில் ஓடுகிறது. அந்தக் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்கிறதோ, பூக்கள் சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகி இருக்கின்றன. ஓட்டம் நீண்டால் தூரம் அதிகம். இதை விளங்கிக்கொண்ட கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று வைத்திருக்கின்றன. சிறுத்தைக்கான குரலைக் கேட்டால் மரமேறும்; கழுகுக்கான குரலென்றால் வானத்தைப் பார்க்கும்.

ஆனால் 'நேற்று இங்கே சிறுத்தை வந்ததா?' என்று ஒரு குரங்கு இன்னொன்றைக் கேட்க முடியாது. 'இன்று சிறுத்தை இல்லை' என்றும் சொல்ல முடியாது. இல்லாதது, நடக்காதது, இனி நடக்கப்போவது ஆகியவற்றைச் சொல்லவும், கேள்வி கேட்கவும், சொற்களை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். உலகில் பேசப்படும் ஏறத்தாழ 7,000 மொழிகளில் எதுவும் இதைச் செய்ய முடியாமல் நின்றதில்லை.

பேச்சு எப்போது தோன்றியது?

ஓசை புதைபடிவமாவதில்லை. அதனால் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு நகர முடியாது. எலும்புகள் ஓரளவு சொல்கின்றன. இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983-இல் கிடைத்த, சுமார் 60,000 ஆண்டு பழைய நியாண்டர்தால் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) எலும்புக்கூட்டில், பேசும்போது நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பு அப்படியே இருந்தது. அதன் வடிவம் நம்முடையதை ஒத்திருக்கிறது.

ஒரு மொழி எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் நம் காலத்திலேயே பார்க்க முடிந்தது. நிகராகுவாவின் மனாகுவாவில் 1970-களின் இறுதியிலிருந்து காது கேளாத பிள்ளைகளைப் பள்ளியில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் பழகிய சில சைகைகளோடு வந்தது. ஆசிரியர்கள் உதடு பார்த்து ஸ்பானிஷ் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது பெரிதாக எடுபடவில்லை. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் பிள்ளைகளே தங்களுக்குள் ஒரு பொதுச் சைகை முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த சிறு பிள்ளைகள் அதற்கு முறையான இலக்கணத்தைக் கொடுத்தார்கள். இன்று அது நிகராகுவா சைகை மொழி. ஒரு மொழி பிறக்க அகராதியும் ஆசிரியரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதில் சொல்ல இன்னொருவர் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது.

பேசத் தெரியாத கைக்குழந்தைக்குத் தொடர்பு என்று ஒன்று உண்டா?

உண்டு. எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் உட்காருவார். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றுக்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கும். ஏறத்தாழ ஒரு வயதில் விரலால் சுட்டிக்காட்டத் தொடங்கும்போது, குழந்தை பொருளை மட்டும் பார்ப்பதில்லை. நீங்களும் அதைப் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தையும் பார்க்கிறது.

நேருக்கு நேர் பேசுவதில் அப்படி என்ன நடக்கிறது, மற்ற வழிகளில் கிடைக்காதது?

ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மொழிகளில் அளந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வு இது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலே வாயிலிருந்து சொல் வர 600 மில்லிவினாடி ஆகிறது. எதிரே இருப்பவர் முடிக்கும் முன்பே, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்பதுதான் இதன் பொருள்.

கேட்பவரும் சும்மா இருப்பதில்லை. 'ம்', 'ஆமா', 'அட' என்று விடாமல் ரசீது கொடுத்துக்கொண்டே இருக்கிறார். புரியாவிட்டால் 'என்னது?' என்கிறார். பன்னிரண்டு மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தபோது, இப்படிப் பழுதுபார்க்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. அவ்வளவு அடிக்கடி தவறு நேர்கிறது, அவ்வளவு உடனே சரியாகிறது. பின்னால் வந்த கருவி ஒவ்வொன்றும் தூரத்தையோ காலத்தையோ வென்று தந்தது. பதிலுக்கு இந்த உடனடி ரசீதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

தகவல் தொடர்பில் 93 சதவீதம் உடல்மொழி, 7 சதவீதம்தான் சொற்கள் என்கிறார்களே?

தவறு. பயிற்சி வகுப்புகளில் இது இன்னும் சொல்லப்படுவது வருத்தமாக இருக்கிறது. இந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் ஒலிக்கவைத்து, முகப் படங்களோடு காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லும் முகமும் முரண்படும்போது மக்கள் முகத்தை நம்பினார்கள். அவ்வளவுதான். உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ரேபியனே எழுதியிருக்கிறார். மருந்தின் அளவையோ ரயில் புறப்படும் நேரத்தையோ முகபாவத்தால் 93 சதவீதம் சொல்லிவிட முடியாது.

எழுத்து கதை சொல்லப் பிறந்ததா, கணக்கு எழுதப் பிறந்ததா?

மெசபடோமியாவைப் பொறுத்தவரை கணக்குக்காகத்தான். அங்கே தானியம், ஆடு, எண்ணெய் ஆகியவற்றைக் குறிக்கச் சிறு களிமண் வில்லைகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றைக் களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி, மேலே முத்திரை இடுவார்கள். உள்ளே எத்தனை என்று பார்க்க உருண்டையை உடைக்க வேண்டும். அதைத் தவிர்க்க, மூடும் முன் அதே வில்லைகளை வெளிப்புறத்தில் அழுத்தித் தடம் பதித்தார்கள். தடமே போதும் என்றான பிறகு உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகிப் பலகையானது. ஊருக் நகரில் கிடைத்த, கி.மு. 3300 முதல் 3200 வரையிலான காலத்தைச் சேர்ந்த பலகைகளில் பெரும்பாலானவை வரவு செலவுக் குறிப்புகள்தான்.

கணக்குக் குறியிலிருந்து மொழியை எழுத ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. படம் வரைய முடியாத சொல்லுக்கு, அதே ஓசையுள்ள வேறொரு பொருளின் படத்தைப் போடுவது. பொழுது சாயும் 'மாலை'க்குப் பூமாலையை வரைவதுபோல. சுமேரியத்தில் 'தி' என்றால் அம்பு, 'தி' என்றால் உயிர் வாழ்வு. அம்பின் படம் இரண்டுக்கும் ஆயிற்று. படம் பொருளை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்த இந்த இடம்தான் எழுத்தின் உண்மையான பிறப்பு என்று நாங்கள் கருதுகிறோம்.

எழுத்து இல்லாமலும் பெரிய அரசுகள் கணக்கு வைத்திருக்கின்றன. இன்கா மக்கள் கிப்பு என்ற கயிற்றுக் கட்டில் முடிச்சுப் போட்டு எண்களைப் பதிந்தார்கள். கயிற்றின் மேல்பகுதி நூறுகளுக்கு, அதற்குக் கீழே பத்துகள், கடைசியில் ஒன்றுகள். பத்துக்கும் நூறுக்கும் ஒற்றை முடிச்சுகள். ஒன்றாம் இடத்தில் 2 முதல் 9 வரை அத்தனை சுற்றுள்ள நீள முடிச்சு. 1 என்றால் எட்டு வடிவ முடிச்சு. முடிச்சில்லாமல் விட்ட இடம் சுழி. ஒன்றாம் இடத்து முடிச்சு வேறு மாதிரி இருப்பதால், ஒரே கயிற்றில் இரண்டு எண்கள் வந்தாலும் எது எங்கே முடிகிறது என்று கை தடவியே சொல்லிவிடலாம்.

அச்சு வந்ததால் தவறுகள் குறைந்தனவா?

கையால் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு புதுத் தவறு நுழையும். அச்சில் எல்லாப் படிகளும் ஒன்றுபோல இருக்கும், தவறும் உட்பட. லண்டனில் 1631-இல் அச்சான ஒரு பைபிள் பதிப்பில், விபசாரம் செய்யாதே என்ற கட்டளையில் எதிர்மறையைக் காட்டும் மூன்றெழுத்துச் சொல் விடுபட்டுப்போனது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். படிகள் தேடி அழிக்கப்பட்டன. வெளியான பிறகு திருத்துவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் முன்பே மெய்ப்புப் பார்ப்பதற்கு ஆகும். 'அனைவருக்கும் அனுப்பு' பொத்தானுக்கும் இதே கணக்குதான்.

தந்தி அப்படி என்ன மாற்றியது?

அதுவரை செய்தி என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆளோ குதிரையோ கப்பலோ போக வேண்டும். விதிவிலக்குகள் உண்டு: தீப்பந்தம், முரசு, பிரான்சில் 1794-இல் பாரிசையும் லீலையும் இணைத்த, கைமரங்களை அசைத்துக் காட்டும் கோபுர வரிசை. மின் தந்திதான் எந்த வானிலையிலும், இரவிலும், ஆளைவிட வேகமாகச் செய்தியை ஓடவைத்தது. வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே 1844 மே 24 அன்று மோர்ஸ் தன் கம்பியைப் பொதுவில் இயக்கிக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் குறிமுறையில் ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அரிதாக வரும் 'க்யூ'வுக்கு நான்கு குறிகள். அடிக்கடி வருவது சுருக்கமாக இருக்க வேண்டும் என்ற அதே விதியில்தான் இன்றைய கோப்புச் சுருக்கமும் இயங்குகிறது.

1858-இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் கம்பி போடப்பட்டது. ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து அதில் போனது. போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. நீண்ட கம்பி ஒரு பெரிய மின்தேக்கிபோல நடந்துகொள்ளும்; இந்த முனையில் கூர்மையாகக் கொடுத்த துடிப்பு அந்த முனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். ஒன்றின் வால் அடுத்ததின் தலையோடு கலந்துவிடும். 'திரும்ப அனுப்புங்கள்', 'மெதுவாக அனுப்புங்கள்' என்று இரு கரைகளும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. கம்பிக்குப் பொறுப்பாக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். சுமார் 2,000 வோல்ட் வரை. மின்காப்பு பாழாகி, சில வாரங்களில் கம்பி ஊமையானது. வில்லியம் தாம்சன் நேரெதிர் வழியில் போனார். அனுப்பும் முனையில் அழுத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில், மிகச் சிறு மின்னோட்டத்தையும், ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் அசைவாகக் காட்டும் நுண்ணிய மானியைப் பெறும் முனையில் வைத்தார். 1866-இல் வெற்றிகரமாக அமைந்த கம்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டுச் சொற்களைக் கடத்தியது.

தொலைபேசியில் பெயரும் எண்ணும் ஏன் தப்பாகக் கேட்கின்றன?

பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'ஸ', 'ஃப' போன்ற காற்றொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டுவிடுவதால் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். வழக்கமான பேச்சில் மீதியை வாக்கியம் ஈடுகட்டிவிடும். பெயருக்கும் எண்ணுக்கும் அப்படி ஈடுகட்ட எதுவும் இல்லை. புதிய கைபேசி வலைகளில் உள்ள அகலப்பட்டைக் குரல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். ஆனால் இரு முனைகளும் நடுவழியும் அதை ஏற்க வேண்டும்.

செய்ய வேண்டியது: எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். 'இருபது', 'அறுபது', 'எழுபது' மூன்றும் தொலைபேசியில் வெறும் '-பது' ஆகிவிடும். 'ஆறு, சைபர்' என்றால் குழப்பமில்லை. மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ பிரித்து, ஒவ்வொரு கூறுக்குப் பிறகும் நிறுத்தி, எதிர்முனை திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள். பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது எழுத்துக்கு ஒரு சொல் கொடுங்கள். விமானிகளின் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' இதற்காகவே உருவானது.

காங்கோவின் முரசுமொழியிலும் இதே மருந்துதான். முரசால் ஓசையின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே காட்ட முடியும். ஒரே ஏற்ற இறக்கம் பல சொற்களுக்குப் பொருந்தும். அதனால் கெலே மொழி முரசுக்காரர்கள் வெறுமனே 'நிலா' என்று அடிப்பதில்லை. 'பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா' என்று நீட்டி அடிப்பார்கள். கேட்கும் அழகோடு, பிழை திருத்தும் வேலையையும் அந்த நீளம் செய்கிறது. 1948-இல் கணிதவியலர் கிளாட் ஷானன், இரைச்சலுள்ள தடத்தில் மிகைக்குறிகளின் (பிழையைக் கண்டு திருத்தக் கூடுதலாகச் சேர்க்கும் குறிகள்) பங்கைக் கணிதமாக்கினார். இன்று உங்கள் கைபேசி தகவலைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அவ்வகை மிகைக்குறிகள் உண்டு.

வீடியோ காலில் ஏன் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுகிறோம்?

தாமதத்தால். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. ஓடுகிறது, 10,000 கி.மீ. கடக்க 50 மில்லிவினாடி. அதோடு படத்தைச் சுருக்கும் நேரம், இடையில் உள்ள கருவிகள், பொட்டலங்கள் ஒழுங்காக வந்து சேரக் காத்திருக்கும் இடைத்தாங்கி, கம்பியில்லா இயர்போன் எல்லாம் சேர்கின்றன. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால், ஏறி இறங்கவே சுமார் 240 மில்லிவினாடி.

ஒருவழித் தாமதம் 250 என்று வையுங்கள். எதிரே இருப்பவர் வழக்கம்போல 200-இல் பதில் சொன்னாலும் உங்கள் காதுக்கு 700-இல்தான் வரும். நேர்ப்பேச்சில் அவ்வளவு மௌனம் வந்தால் 'தயங்குகிறார், மறுக்கப்போகிறார்' என்று பொருள். உடனே நாம் கேள்வியை மாற்றிக் கேட்கத் தொடங்குகிறோம். அதே நொடியில் அவர் பதில் வந்து மோதுகிறது. அவருக்கு நம்மீது சலிப்பு, நமக்கு அவர்மீது சந்தேகம். இருவர் மேலும் பிழையில்லை.

எவ்வளவு தாமதம் என்று அறிய எளிய வழி உண்டு: நீங்கள் 'ஒன்று', அவர் 'இரண்டு', நீங்கள் 'மூன்று' என்று மாறி மாறி வேகமாக எண்ணுங்கள். இடையே கேட்கும் வெற்றிடம்தான் போய்வரும் தாமதம். அதிகமாக இருந்தால் படத்தை அணைத்துப் பாருங்கள், கம்பி இயர்போனுக்கு மாறுங்கள், பெரிய பதிவிறக்கங்களை நிறுத்துங்கள். பலர் கூடிய அழைப்பில் கேள்வியைப் பொதுவாக விடாமல், முதலில் பெயரைச் சொல்லிப் பிறகு கேளுங்கள்.

எழுதி அனுப்பிய செய்தி ஏன் கோபமாகப் படுகிறது?

எழுதும்போது நம் குரல் நம் மண்டைக்குள் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அது கேட்காது. 2005-இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சகாக்களும் செய்த சோதனைகளில், மின்னஞ்சலில் தாங்கள் சொன்னது கிண்டலா உண்மையா என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவார் என எழுதியவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை உண்மை நிலவரத்தைவிட மிக அதிகமாக இருந்தது. 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் நிறுத்தக்குறிகளால் ஆன சிரிப்பு முகத்தை முன்மொழிந்ததும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

தமிழில் மிக ஆபத்தான செய்தி, 'சரி'. அது 'படித்துவிட்டேன்', 'ஒப்புக்கொள்கிறேன்', 'செய்துவிடுகிறேன்' ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். நீல டிக் கைபேசியில் செய்தி திறக்கப்பட்டதை மட்டுமே சொல்கிறது. வேலை சம்பந்தமான செய்தி என்றால் நான்கு விவரங்கள் வேண்டும்: யார், என்ன, எப்போதைக்குள், முடியாவிட்டால் யாரிடம் சொல்வது. 'யாராவது இதைப் பாருங்கள்' என்று குழுவில் போட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

1977 மார்ச் 27. தெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. ஒரு விமானக் குழு 'இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் பேசியது. கோபுரம் அதை 'புறப்படத் தயார்' என்று எடுத்துக்கொண்டு 'ஓகே' என்றது. அடுத்து 'காத்திருங்கள், அழைக்கிறேன்' என்றது. அதே நேரத்தில் இரண்டாவது விமானம் 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று அறிவித்தது. ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியதால், முதல் விமானத்தின் அறைக்குள் அந்த 'ஓகே'வுக்குப் பிறகு கேட்டது பெரும்பாலும் ஒரு கீச்சொலி. 583 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது முறையானது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'. முக்கிய அனுமதிகளுக்கு 'ஓகே' செல்லாது. திருப்பிச் சொல்லும் முறை மூன்று படிகள் கொண்டது: ஒருவர் சொல்வார், மற்றவர் எண்ணோடும் பெயரோடும் திருப்பிச் சொல்வார், முதலாமவர் 'சரியே' என்பார் அல்லது திருத்துவார். அதிகம் தவறவிடப்படுவது மூன்றாவது படி. திருப்பிச் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டால் முதல் இரண்டும் வீண். மருத்துவமனைகளில் நோயாளியிடம் 'புரிந்ததா?' என்று கேட்பதற்குப் பதில் 'வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்பதும் இதே முறைதான். 'புரிந்ததா?' என்றால் பெரும்பாலானோர் தலையாட்டிவிடுவார்கள்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஏன் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடுகிறது?

ஒரு குறுஞ்செய்திக்கு இடம் 140 பைட். அடிப்படை ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள். தமிழுக்கு 16 பிட் குறிமுறை வேண்டும். அப்போது 70 குறிகள்தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், இணைப்புத் தகவலுக்கு 6 பைட் போய், துண்டுக்கு 67. குறி என்பது நாம் எண்ணும் எழுத்தல்ல: 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறி, ஏனெனில் புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி. ஆங்கிலச் செய்தியில் ஓர் இமோஜி நுழைந்தாலும் மொத்தச் செய்தியும் 70-க்கு இறங்கிவிடும்.

நாம் எழுதுவது எவ்வளவு காலம் நிற்கும்?

நினிவே நகரம் கி.மு. 612-இல் எரிந்தபோது அரச நூலகத்தின் களிமண் பலகைகள் பல தீயில் சுட்டு இறுகின. இன்றும் படிக்க முடிகிறது. கணினிக் கோப்பின் சிக்கல் வேறு. பொருள் அழியாமல் இருந்தாலும் அதைத் திறக்கும் வழி அழிந்துவிடலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய தமிழ்க் கோப்புகளை இன்று அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட கோப்புகள் உங்களிடம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள்: மாற்றியில் இட்டு யூனிகோடாக்கி, 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' வரும் இடங்களைக் கண்ணால் சரிபார்த்து, எளிய உரைக் கோப்பாக ஒரு படி சேமியுங்கள். மொத்தம் மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஒரு கோப்பை வேறொருவர் கணினியில் திறந்து படித்துப் பாருங்கள். மூலக் கோப்பை அதுவரை அழிக்காதீர்கள்.